மும்மை

ட்ரிப்ளிகேட் என்ற சொல்லுக்குத்
தமிழ் தரும் முறை எனக்கு வந்தது.
சிங்களத்தை ரசாஞ்சலி முதல் நாளே முடித்திருந்தாள்.
ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.
கொம்பனித்தெருவில் எங்கள் கந்தோர், இரண்டாம் மாடி.
யன்னலுக்குக் கீழே பெய்ரா வாவி,
கம்பத்துக்கு ஒன்றாய்க் கூழைக்கடா,
கோப்பு வரட்டும் என்று குந்தியிருக்கிறது.

அகராதியைத் திறந்தேன்.
மும்மை: மூன்று. மூன்றாயிருத்தல்.
அதைச் சுற்றி ஒரு பெருங்குடும்பம்.
மூன்று தேய்ந்து மு ஆகும்போது
இழந்ததை ஈடுகட்ட
அடுத்த வீட்டு எழுத்தை இரட்டிக்கச் சொல்கிறது:
முக்கனி, முப்பால், மும்மாரி,
முச்சந்தி, அதில் எந்த வழியால் வந்தாலும்
போகாத தெரு ஒன்று மிஞ்சும்.
முக்கால், மூன்று இருந்தும் ஒன்றுக்குக் காணாது.
முத்தமும் முக்காடும் வேறு வீட்டுப் பிள்ளைகள்.
விரலால் தாண்டினேன்.

மும்மையில் தருக என்று எழுதிக் காட்ட
நிஹாரா சிரித்தாள்:
"படிவமோ தேவாரமோ இது?"
முப்பிரதி என்றேன். வடமொழி என்று
குழுத்தலைவர் புருவம் உயர்ந்தது.
கடைசியில் முப்படி.
படி தமிழ். படி என்றால் பிரதி.
அரிசி அளப்பதும் படி, ஏறுவதும் படி,
வாசி என்று அதட்டுவதும் படிதான்.
போகட்டும் என்றார். மணி ஒன்றரை.
ரசாஞ்சலி பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தாள்.

அச்சகத்தில்
டியின் மேல்விலங்கு கழன்று
முன்னால் ஒரு சங்கிலிக்கொம்பு முளைத்தது.
எண்ணாயிரம் தாளில் ஒரே வரி:
"காணாமற்போனோர் விபரத்தை
முப்படையில் சமர்ப்பிக்கவும்."

நீலப் பேனையுடன் என்னைக் கீழே இருத்தினார்கள்.
ஒவ்வொன்றாய் வெட்டித் திருத்த வேண்டும்.
முந்நூறு முடியவில்லை, யசிந்தா வந்தாள்,
கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில்.
கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து
நின்றபடி வாசித்தாள்.

"முப்படைக்கும் குடுத்தாச்சு பிள்ளை.
முதல்ல தரைப்படை. பிறகு கடற்படை.
வான்படைக்காரர்தான் தேத்தண்ணி தந்தவை.
இப்ப புதுசா ஒண்டு துவங்கியிருக்கினமோ?"

நான் வெட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அட, மூண்டு கொப்பியோ!"
என்று சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.
எனக்குத்தான் பேனை மூடியைக் காணவில்லை.

சொல்லச் சொல்ல எழுதினேன்.
தன்மை: யசிந்தா, வயது ஐம்பத்திரண்டு.
முன்னிலை: பணிப்பாளர் அவர்கள்.
படர்க்கை: தம்பி எட்வின்.
பள்ளிக்கூடத்தில் மூவிடம் படித்தபோது
படர்க்கை என்றால் அங்கே இல்லாதவன் என்று
ஒருவரும் இவ்வளவு நேராய்ச் சொல்லவில்லை.

"மீன் தின்னான். முள்ளுக்குப் பயம்.
குளிக்கேக்க பாட்டு.
இடது காதுக்குப் பின்னால ஒரு தழும்பு இருக்கு."
படிவத்தில் அச்சிட்டிருந்தது:
காணப்பட்ட அடையாளங்கள்.
முக்காலத்தில் ஒன்றை அரசாங்கம் தெரிந்துவிட்டது.
இருக்கு என்று அவள் சொன்னபடியே எழுதினேன்.
பேச்சுத்தமிழ் கூடாது என்பது எங்கள் சுற்றறிக்கை.

முதற்படி தலைமையகத்துக்கு. இரண்டாவது கோப்புக்கு.
மூன்றாவது விண்ணப்பதாரிக்கு.
காபன் தாள் பழசு.
அவள் தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்தாள்,
திருப்பினாள், மறுபடி பிடித்தாள்.
"இதில ஆளையே தெரியேல்ல.
அழுத்தி எழுதுங்கோ பிள்ளை."

வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்,
நிற்கும் நேரத்துக்கும் காசு.
புதுத் தாள் மூன்று. இம்முறை அழுத்தினேன்.

சாயங்காலம் மேசையைத் துடைத்த பையன்
பலகையில் ஏதோ கீறல் என்றான்.
குனிந்து பார்த்தேன்.
இருக்கு.