மூடியைக் கழற்றுங்கள், மிஸ்டர் படையாச்சி

டர்பனில், ஓவர்போர்ட் மேட்டில்,
கறிக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
படையாச்சியின் கடை.
கறுப்பு வெல்வெட்டின் மேல்
அட்டிகைபோல அதை வைத்திருந்தார்.
எண்பத்து நாலாயிரம் ராண்ட்.
எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னவர்
விலையை மட்டும் தமிழில் சொன்னார்,
சொந்தக்காரியிடம் சொல்வதுபோல.

"தூக்கிப் பாருங்க, கோகிலா."
பத்தொன்பது கிலோ.
எடையைத்தான் முதலில் காட்டுகிறார்கள்,
மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தைச் சொல்வதுபோல.
ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டேன்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவள் நான்.
கதவின் மினுக்கை நம்பி ஏறுகிறவர்கள் வேறு.
நான் பெட்டியின் கூரைமேல் நின்று
கயிற்றைப் பார்க்கிறவள்.

பத்து திருகாணி. அவர் கை நடுங்கியது.
உள்ளே,
அடித்தட்டில் ஆறு கிலோ இரும்புப் பலகை,
எதையும் தாங்காமல் படுத்திருந்தது.
லிஃப்டின் எதிர் எடைக்காவது ஒரு வேலை உண்டு.
"அதிர்வை அடக்கும்" என்றார்.
அடக்கட்டும்.
தட்டைச் சுழற்றும் பொறியோ
மலிவுப் பெட்டிகளில் நான் கழற்றிப் போட்ட
அதே பிளாஸ்டிக் தட்டம், அதே லேசர்,
மேலே மட்டும் அலுமினியத் தொப்பி.

பக்கத்து அலமாரியில் இன்னொன்று,
யாரோ விற்றுவிட்டுப் போனது,
முகத்தில் கீறல், ரிமோட் இல்லை.
இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.
அதையும் திறக்கச் சொன்னேன்.
வளைய டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு:
மோட்டாருக்கும் முன்பலகை எண்களுக்கும் ஒன்று,
இசைக்கு மட்டும் தனியாக ஒன்று,
நடுவே ஒரு தகரச் சுவர்.
ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.
சண்டை வராது.
கடிகாரப் படிகம் சிப்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தது,
ஊர்சுற்றும் ஒயர் எதுவும் இல்லை.
சாலிடர் வைத்தவருக்கு அவசரம் இருந்திருக்கவில்லை.

மூன்றாம் பாட்டில் கீறல் விழுந்த
வயலின் தட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன்.
நல்ல தட்டை எந்தப் பெட்டியும் பாடும்.
அதை விலையுயர்ந்ததில் போட்டேன்,
கடைத் தட்டு ஒன்றைப் பழையதில்.
ஸ்பீக்கரைப் படையாச்சி எதில் இணைத்தார் என்று
சொல்லவும் வேண்டுமா?
கீறலை வழுக்கிக்கொண்டு கடந்தது.
தேன்போல இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
நான் மணியைப் பார்த்தேன்.

ஒன்றே முக்காலுக்குக் கடைக்கு வந்ததற்குக்
காரணம் இருந்தது.
இரண்டு மணிக்கு எங்கள் பகுதியில் மின்வெட்டு.
போன் காலையிலேயே சொல்லியிருந்தது.
அவர் மறந்திருந்தார்.

போயிற்று.
வயலின் நடு இழுப்பில் அறுந்தது.
கறிக்கடையின் எலும்பு ரம்பம் நின்றது.
பல் டாக்டரின் துளைக்கருவி நின்றது.
எங்கோ ஓர் ஃபிரிட்ஜ் கடைசியாக உதறி அடங்கியது.
ஜெனரேட்டருக்கு ஓடப் பார்த்தவரை
ஒரு நிமிஷம் என்று கையமர்த்தினேன்.

திறந்த இரண்டு வயிறுகள்.
இரண்டிலும் தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது,
யாரும் தள்ளாமல், தன் வேகம் தீரும்வரை.
பெரியது
உலர்ந்த தொண்டைபோல லேசாய் உரசி நின்றது.
பழையதில் எண்கள் மட்டும்
மூன்று நொடி நீலமாய் எரிந்தன,
மின்தேக்கிகளில் அவ்வளவு சேமிப்பு.
தட்டு நின்றதே தெரியவில்லை.
குனிந்து தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஆனா இதை நீங்க கேட்கவே இல்லையே!"
கேட்டேன், மிஸ்டர் படையாச்சி.
பாட்டைத்தான் கேட்கவில்லை.

உதிரி லேசர் ஒன்று எழுதித் தந்தால்தான் பணம் என்றேன்.
இந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை,
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
மேசைக்கடியில் தேடி
நூல் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார்,
வேண்டாவெறுப்பாக.

சாட்ஸ்வர்த் வந்து சேர்ந்தபோது
இங்கே மின்வெட்டு தொடங்கியிருந்தது.
மேசைமேல் வைத்தேன்.
எண்பத்து நாலாயிரம் இன்னும் நன்றாகப் பாடியிருக்குமோ?
பாடியிருக்கலாம்.
இரவு முழுக்க அந்த உரசலைத்தான் கேட்டிருப்பேன்.

வெளிச்சம் வர இன்னும் ஒன்றரை மணி.
தட்டைப் போட்டுவிட்டு
விரலால் ஒருமுறை சுற்றிவிட்டேன்.