கடைசி நிரல்

கேரதீவுக் கரை. விடியமுன் ஐந்து பேர்.
ஒரு தொலைநோக்கி, இரண்டு போத்தல் தண்ணி,
செம்மஞ்சள் நிறத்தில் மிதவைச் சட்டைகள்.
"முழங்கால் தண்ணிக்கு உது எதுக்கு?"
என்றார் கிறகோரி.
விதி, என்றேன்.
தன்னுடையதை அணியத்தில் விரித்து
அதன்மேல் குந்திக்கொண்டார்.

முந்நூறடி போயிருக்கும்.
வள்ளம் சேற்றில் வயிறு தட்டி நின்றது.
"இறங்குங்கோ.
இனி வள்ளம்தான் எங்களில ஏறி வரும்."

தள்ளினோம்.
பாதத்துக்குக் கீழே சாதாழை, மட்டிச் சிப்பி,
ஒருதரம் சிப்பியில்லாத ஏதோ.
குனிந்து எடுத்தால் பானை விளிம்பு,
உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு.
வாகினிக்குக் கை நடுங்கிற்று.
இரண்டாயிரம் வருசம் இருக்கலாம், என்றாள்.
"போன தைப்பொங்கலாயும் இருக்கலாம்,
இஞ்ச பானை உடையாத வருசம் இல்லை"
என்றார் அவர், தள்ளுவதை நிறுத்தாமல்.
அவள் படம் எடுத்தாள், இடம் குறித்தாள்,
கிடந்த குழியிலேயே வைத்தாள்.
மூடிவிட சேற்றுக்கு ஒரு மூச்சு போதும்.

பிறகு பூநாரைகள்.
முதலில் விடியல் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் கிழக்கு அந்தப் பக்கம் இல்லை.
தலைகீழாய்ச் செருகிய அலகுகள்
தண்ணீரை அரித்தபடி இருந்தன.
பத்துப் பத்தாக எண்ணினேன்.
நானூற்றுப் பத்தில்
இடுப்பில் பறி கட்டிய ஒரு மனிதர்,
களங்கண்டித் தடிகளுக்கு நடுவே
வலை உதறிக்கொண்டு.
ஒரு பறவை அவர் முதுகோடு முதுகாக.
அவர் இருமினார்.
ஒன்றும் அசையவில்லை.
"சூசைமுத்தன்," என்றார் கிறகோரி,
"அவனையும் எண்ணிப்போட்டியளே?"

ஓரடி வைத்தேன். ஓரடிதான்.

கரை எழுந்தது.
சிவப்புக்குள் அத்தனை கறுப்பு மடிந்திருப்பதை
புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.
ஆயிரம் ஈரச் சாக்குகளை
ஒரே நேரம் உதறுகிற சத்தத்தை
அதில் போட்டிருக்கவில்லை.
பூநகரிப் பக்கம் வளைந்து
மெலிந்து
கோடாகி
பிறகு அந்தக் கோடும்.

சூசைமுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.
ஏசவில்லை.
சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு
சோறு காணுமோ என்று பானையைப் பார்ப்பதுபோல
எங்களைப் பார்த்தார்.
பிறகு வலை.

படிவத்தில் கடைசி நிரல்:
இடையூறு ஏதும் இருப்பின் விபரிக்கவும்.
நாய், வெடி, இயந்திரப் படகு
என்று உதாரணமும் தந்திருக்கிறார்கள்.
ஈரத்தில் பேனை எழுத மறுத்தது.
ஓரத்தில் இரண்டுதரம் கிறுக்கிவிட்டு
'ஐந்து செம்மஞ்சள் சட்டைகள்' என்று எழுதினேன்.

அணியத்தைத் திரும்பிப் பார்த்து
ஐந்தை வெட்டி
நான்காக்கினேன்.