கடைசி ஆள்

பதினான்கு பேர் என்று சிட்டையில் எழுதியிருக்கிறேன்.
காலை ஒன்பதரை, லிட்டில் ஆம்ப்ரி,
பூட்டிய தேவாலயத்தின் வாசல்.
லிட்டில் ஆம்ப்ரிதான் பெரிய ஊர்.
கிரேட் ஆம்ப்ரியில் ஏழு வீடு, ஒரு குதிரை.
ஏன் என்று கேட்டால்
டெஸ்மண்ட் பதினைந்து நிமிடம் சொல்வார்,
அதனால் யாரும் கேட்பதில்லை.

அவர் முன்னால் நடப்பார்,
கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம்.
நான் பின்னால்.
ஆரஞ்சு மேல்சட்டை, ஊதல், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.
வேலை அவ்வளவுதான்.
திறந்த கதவுகளை மூடிக்கொண்டே வருவது உபரி.

கடைசியில் நடப்பவளுக்கு முதுகுகள்தான் முகம்.
க்வெண்டாவின் பை இடப்பக்கம் சாயும்,
பிளாஸ்க் இருக்கும் பக்கம்.
ரோலண்டும் மார்கோவும்
மூன்று ஞாயிறாகப் பேசிக்கொள்வதில்லை,
கால்கள் மட்டும்
ஒரே நேரத்தில் சேற்றில் விழுந்து
ஒரே நேரத்தில் எழுகின்றன.
நெஸ்டா கல்லறைக் கல் கண்டால் நின்றுவிடுவாள்.
பாசியைச் சுரண்டி, பெயரைப் படித்து,
வயதைக் கழித்துப் பார்த்து
"அறுபத்தொன்று, பாவம்" என்பாள்.
அவளுக்கு எழுபத்துநான்கு.

இரண்டாம் வேலிப்படிக்கு அப்பால்
பாதையின் மேலேயே அவரை விதைத்திருந்தார்கள்.
"சட்டப்படி பாதை இதுதான்" என்றார் டெஸ்மண்ட்.
நாங்கள் சட்டப்படி
வரிசையாக, மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்து
ஈரச் செடிகளுக்குள் நடந்தோம்.
டிராக்டரில் இருந்தவன் கையை உயர்த்தவில்லை.
இறங்கியும் வரவில்லை.

சுழல்கதவில் ஒவ்வொருவராக நுழைய
தலை எண்ணினேன்.
பதினைந்து.

மறுபடி எண்ணினேன்.
வீட்டுக்குள் போடும் மெத்தென்ற காலணியில்
ஒருவர்.
கையில் ஒரு கடிதம்.
தபால் பெட்டிக்கு என்று கிளம்பியவர்
சந்து முனையில் எங்கள் நடுவே அகப்பட்டு,
விலகிப் போனால் தவறாக நினைப்போமோ என்று
கூடவே நடந்திருக்கிறார்.
இரண்டு மைல்.
நாங்களும் யாரென்று கேட்டால்
தவறாக நினைப்பாரோ என்று கேட்கவில்லை.
இந்த நாட்டில் பாதி நட்புகள்
இப்படித்தான் உண்டாகின்றன, பாதித் திருமணங்களும்.

மதில் ஓரம் உட்கார்ந்தபோது
க்வெண்டா முட்டை சாண்ட்விச்சில் பாதியை
அவரிடம் நீட்டினாள், பெயரைக் கேட்காமல்.
லயனல் என்று அவராகவே சொன்னார்.
நெதர் ஸ்வேலில் ஒரு சிவப்புப் பெட்டி,
கோல்ட் ஹேஸலில் சுவருக்குள் பதித்த இன்னொன்று.
ஒவ்வொன்றிலும் நின்றார்,
உறையைத் தடவிப் பார்த்தார்,
மறுபடி சட்டைப்பைக்குள் வைத்தார்.
"ஏன் போடவில்லை?" என்று
அன்று முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன்.
"போட்டுவிட்டால்
வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே."

கிரேட் ஆம்ப்ரியின் குதிரை
எங்களைப் பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது.
பப்பில் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்,
வேகமாக வாருங்கள் என்று முன்னாலிருந்து சத்தம்.
மேட்டில் நின்று அவசரமாக எண்ணினேன்.
பதினான்கு.
சிட்டையோடு பொருந்தியது.
கட்டைவிரல் உயர்த்திக் காட்டினேன்,
டெஸ்மண்ட் நடந்தார்.

கணக்கு சரியாக இருக்கும்போது
யார் சரிபார்க்கிறார்கள்?
அரை மைல் போயிருப்போம்.
பப்பின் புகைபோக்கி தெரிந்தது,
ரோலண்ட் மார்கோவிடம் "சூப்தானே?" என்றார்,
அவள் "ம்" என்றாள்.
அந்த "ம்" காதில் விழுந்த கணத்தில்
லயனலின் மெத்தென்ற காலணி
என் கண்ணில் பட்டது.
பதினான்கில் இவர் ஒருவர் என்றால்...

நான் திரும்பவில்லை. திரும்பப் பயம்.
பதினோரு வருடம்
என் முதுகுக்குப் பின்னால்
வெறும் வயல்தான் இருந்திருக்கிறது.

அப்போது கேட்டது.
தூரத்தில், நான் தாழிட்டு வந்த இரும்புக் கதவு
கிரீச்சென்று திறந்து,
பொறுமையாக,
மறுபடி தாழிடப்படும் ஓசை.
பிறகு, மூச்சிரைப்புக்கு நடுவே,
எனக்குச் சேர வேண்டிய வசவுகளுக்கு முன்பாக,
"தொண்ணூற்றிரண்டு!
ஒருத்தி தொண்ணூற்றிரண்டு வரை இருந்திருக்கிறாள்!"