கொளுக்கி

கூட்டை ஸ்ரான்லி வீதியில் வாங்கினேன்.
இருபத்திரண்டு சொல்லிப் பத்தொன்பதுக்குத் தந்தான்.
ஓட்டோக்காரன் கேட்டான்: கோழிக்கோ அக்கா?
ஓம் என்றேன்.
ஏன் பொய் சொன்னேன் என்று
கொக்குவில் வரும்வரை யோசித்தேன்.

மூன்று கிழமை கதவு திறந்தே கிடந்தது,
உள்ளே பழைய சாறம் ஒன்று, மடித்தபடி.
கோப்பி முதல்நாள் மூக்கை நுழைத்தது.
பிறகு முன்கால்கள்.
ஒரு மத்தியானம் பார்த்தால்
முழு நாயும் உள்ளே, வால் மட்டும் வெளியே.
பூட்டிப் பார்த்ததில்லை.

இன்று கரவெட்டியில் கலியாணம்.
இன்றுதான் வைரவர் கோயில் மடையும்.
போனமுறை வெடிக்கு மதில் பாய்ந்து
கே.கே.எஸ். வீதியில் லொறிக்கு அடியால் போய்
மறுபக்கத்தால் வந்தது.
வந்தது என்பதை
இன்னமும் நம்ப முடியவில்லை.

மதுராங்கி ரொறன்ரோவிலிருந்து சொல்கிறாள்:
இஞ்சை எல்லாரும் கூட்டிலைதான் விடுறவை,
அதுக்கு அது சொந்த அறை மாதிரி.
பக்கத்து வளவு அமலதாஸ் சிரிக்கிறார்:
கூடு கிளிக்குப் பிள்ளை, நாய்க்குப் படலை காணும்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
முள்ளுக்கம்பிக்கு உள்ளே ஏழு மாதம் இருந்த மனிசன்.
தண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்தார்,
ஃபானை இரண்டில் விட்டார்,
கொளுக்கியைத் தொடாமல்
மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

நான்தான் பூட்டினேன்.
கைப்பை பூட்டுகிற சத்தத்தை விடச்
சின்னச் சத்தம்.

இருபாலைச் சந்தியில் சொன்னேன்: திருப்புங்கோ.
ஏன் என்று கேட்காமல் திருப்பினார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து
பூனை மாதிரி வந்தேன் என் வீட்டுக்குள்.
கோப்பி நித்திரை.
சாறத்தில் மூக்கு புதைந்திருக்க
அடிவயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பட்டுச்சேலை சரசரத்தது.
கண் திறந்தது.
பிறகுதான் ஊளை.
அதுவரை அந்த வீட்டில் இல்லாத ஊளை,
நான் இருபாலையிலிருந்து கொண்டுவந்தது.

முழங்காலில் இருந்து கொளுக்கியில் விரலை வைத்தேன்.
கோயில் பக்கம் முதல் வெடி.
கோப்பி கதவுக்கு வரவில்லை.
பின்மூலைக்குப் போய்ச்
சாறத்துக்குக் கீழே தலையை விட்டது.
இரண்டாவது வெடி. மூன்றாவது.
விரலை எடுத்தேன்.
எடுக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது,
நாங்கள் போய்ச் சேர
தாலி கட்டி முடிந்திருந்தது.

ஏன் பிந்தினீங்கள் என்று வாசலிலேயே கேட்டார்கள்.
ரயர் காத்துப் போட்டுது என்றார் இவர்.
என்னைப் பார்க்கவில்லை.

பின்னேரம் கொளுக்கியை அவர்தான் கழற்றினார்.
இரண்டுதரம் விரல் வழுக்கியது.
கோப்பி வெளியே வந்து, முன்கால் நீட்டி முறித்து,
மன்னிப்புக் கேட்கக் குந்தியிருந்த என்னைக் கடந்து
அவருடைய சட்டைப்பையில் மணந்தது.
கடதாசியில் சுற்றிய கலியாண வடை.
கவ்விக்கொண்டு
மறுபடி கூட்டுக்குள்ளேயே போய்விட்டது, தின்ன.

நாளை திங்கட்கிழமை.
எட்டரைக்கு எனக்கு வங்கி.
அவர் இன்னும் கதவைப் பிடித்தபடி நிற்கிறார்.