ஐந்து குமிழ்கள்

பீரோவுக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு
ராப்பகலாய் எரிகிறது.
குன்னூரில் இது ஆடம்பரம் இல்லை.
பட்டுப்புடவைக்கு என்று நினைக்கிறார்
மீட்டர் பார்க்க வருகிறவர்.
புடவை கொடியில் கிடக்கிறது.
உள்ளே இருப்பது
'கறுப்பு வல்லூறு', முப்பத்தொன்றாம் பக்கம்.
அச்சுக்குப் போய் வந்த அசல்:
கெட்டி அட்டையில் இந்திய மை,
தப்பிய கோட்டின் மேல் வெள்ளைப் பூச்சு,
ஓரத்தில் நீலப் பென்சிலில் யாரோ
'இன்னும் மழை வேண்டும்' என்று எழுதியது.

மழை இங்கே வேண்டிய அளவு இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் சளி சோதிப்பவள் நான்.
பூஞ்சையை முகம் பார்த்தே சொல்வேன்.
வில்லனின் கன்னத்தில் பழுப்புப் புள்ளி வந்தபோது
ஊசிமுனையால் துளி சுரண்டி
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
காளான் காடு.
நடுவே ஒரு மயிர். தூரிகையுடையதாக இருக்கும்,
அல்லது வரைந்தவரின் புருவம்.
அவர் பெயர் தெரியாது. மூலையில் ஒரு சுழி,
அவ்வளவுதான் கையெழுத்து.

போன ஆடியில் பசை விட்டது.
மைதாப் பசை, நாற்பத்தைந்து வருடம் பிடித்ததே பெரிது.
காலையில் பல்பு மாற்றத் திறந்தால்
பேச்சுக் குமிழ்கள் ஐந்தும்
தட்டில் உதிர்ந்து கிடக்கின்றன.
அட்டையில் எல்லோரும் வாய் திறந்தபடி
ஊமையாய் நிற்கிறார்கள்:
தொங்குபாலத்தில் வல்லூறு, பின்னால் வில்லன்,
கயிற்றைப் பிடித்திருக்கும் கோவேறுகழுதைக்காரன்.

அச்சான புத்தகம் எங்களில் யாரிடமும் இல்லை.
இருந்தவர் இரவல் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு, கேத்தியில் போஜனின் கேரட் கொட்டகை.
கழுவும் மெஷினுக்கு அன்று ஓய்வு.
கோத்தகிரியிலிருந்து தையல்காரி மெஹரூன்
முப்பதாம் பக்கத்தைத் தலையணை உறைக்குள் கொண்டுவந்தாள்.
போஜனிடம் முப்பத்திரண்டு.
அதை அவர் லேமினேஷன் செய்துவிட்டார்.
ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை.
இன்றும் அந்தப் பளபளப்பு வயிற்றைக் கலக்குகிறது;
அதில் பூஞ்சை இல்லை என்பதையும்
சொல்லித்தான் ஆகவேண்டும்.

கையுறை கொடுத்தேன்.
மண் போகாத தன் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு
போஜன் மாட்டிக்கொண்டார்.
இடுக்கியால் எடுத்து
வாய் வாயாக வைத்துப் பார்த்தோம்.
"நீ போ. பாலத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்."
வல்லூறுதான், என்றார் போஜன்,
வேற யாரு இப்படிப் பேசுவாங்க?
எனக்கும் சந்தேகம் இல்லை.
பத்து வயதில் படித்தவள்.
கொய்யா மரத்தின் கீழ் நின்று
இதே வரியைச் சொல்லித்தான்
தம்பியை மதில் தாண்ட விட்டேன்.

மெஹரூன் பேசாமல்
அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.
பசை இருந்த இடமெல்லாம் மஞ்சள் கறை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு, ஒரு வால்.
"துணி வெட்றவளுக்குத் தெரியும்,
ஓரம் பொய் சொல்லாது."
குமிழை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்
கழுதைக்காரனின் தலைக்கு மேல் நிறுத்தினாள்.
அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

பெயர்கூட இல்லாதவன்.
கட்டத்துக்குள் பாதிதான் இருக்கிறான்,
மீதி உடம்பைக் கோடு வெட்டிவிட்டது.
முப்பத்திரண்டாம் பக்கத்தில் தேடினோம்.
அக்கரையில் வல்லூறு ஓடுகிறான், திரும்பிப் பார்க்காமல்.
பாலம் இல்லை. கழுதை மட்டும்
மூலையில் மிகச் சிறிதாக.
போஜன் கையுறையைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார்.

ஆறாவதாக ஒரு கறை இருந்தது,
வல்லூறின் வாயருகே.
அதற்குக் குமிழ் இல்லை.
பீரோவில் விழுந்திருக்கும் என்றேன்.
இல்ல, என்றாள் மெஹரூன்.
இந்தக் கறை பழசு.
எழுதி, ஒட்டி, வேணாம்னு அன்னைக்கே உரிச்சிருக்காங்க.

திரும்ப ஒட்டவில்லை நாங்கள்.
ஐந்தையும் உறையில் போட்டு
ஐப்பசி முடியும்வரை அவளிடமே கொடுத்தேன்.
கடைசி பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனாள்,
ஜன்னலை இழுத்து மூடிவிட்டு.

வீட்டில் வெறும் தட்டுக்கு
பல்பு எரிந்துகொண்டிருந்தது.
அணைக்க மனம் வரவில்லை.
கொடியிலிருந்த புடவையை மடித்து உள்ளே வைத்தேன்.
அடுத்த மாதம் மீட்டர்காரர் வந்தால்
அவர் நினைப்பது சரியாகவே இருக்கட்டும்.