பட்டது

அறிக்கை திரும்பி வந்தபோது
அது எங்களுடையதாக இல்லை.
நாற்பத்தாறு இடத்தில் பச்சை மை.
கன்டீன் வாங்கில் விரித்து
மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல்
ஆறிய பிளேன்ரீயைப் பாரம் வைத்தோம்.

இரண்டாம் பக்கத்தில் பாமினி எழுத்துரு உடைந்து
முழுதும் ஆங்கிலக் குப்பையாய் அச்சாகியிருந்தது.
அதற்கும் ஒரு குறிப்பு:
"இது வாசிக்க ஏலாது. ஆனால் மற்றப் பக்கத்தை விடச் சுருக்கம்."
ரிஸ்மியா சிரித்தாள்.
கஜானனி சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் அவளுடையது.

ஆங்கில அறிக்கை விரிவுரையாளருக்கு.
இந்தச் சிறு தமிழ்
வீரையடிக்குளத்துக் கமக்காரருக்கு,
முப்பத்தொரு கிணற்றின் உப்பை
அவர்களுக்கே திருப்பிச் சொல்ல.
வெயிலில் நின்று அளந்தது நாங்கள் நாலு பேர்.
எழுதியதில் ஒருவரும் இல்லை:
அளக்கப்பட்டது. பதியப்பட்டது. அவதானிக்கப்பட்டது.
பேய் வந்து மீற்றரைப் பிடித்தது போல.

திருத்தியவன் லகிரு, அடுத்த குழு.
குருநாகல் பெடியன்.
முதலாம் வருடம் பஸ் பலகைகளில்
தமிழை எழுத்துக்கூட்டிப் பழகினவன்.
அவனுடைய 'ழ' இன்னும் இடப்பக்கம் சாயும்.
எல்லாப் 'பட்டது'க்குக் கீழும் கோடிழுத்து
ஒரே கேள்வி: "யார்?"

நிதுர்ஷன் கொதித்தான்.
"எங்கட பாஷையை, இவன்..."
முடிக்கவில்லை.
நாலாம் அட்டவணை, பதினேழாம் கிணறு,
"மூடப்பட்டது" என்று நாங்கள் விட்ட இடத்தில்
பச்சையில் மூன்று சொல்:
"யார்? எப்ப? ஏன்?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
நாலு பேரிடமும் நாலு பதில் இருந்தது,
ஒருவரையும் கேட்காமலே.
இந்தப் பக்கத்தில் மூடிய கிணற்றைக் கண்டால்
வாயும் தானாக மூடிக்கொள்ளும்.
பட்டது என்ற சொல்லுக்கு
இலக்கணத்தில் ஒரு பொருள்,
எங்கள் வீடுகளில் வேறொன்று.
கேளாமல் வந்ததை
மரியாதை என்று நினைத்திருந்தோம்.

(அவன் தெரிந்து கேட்டானா, தெரியாமலா?
அதை நானும் கேட்கவில்லை.)

சனிக்கிழமை இரண்டு மோட்டார்சைக்கிளில் போனோம்.
யானைவேலி தாண்டிப் பதினாலு கிலோமீற்றர்,
பல்லிலும் கிரவல் புழுதி.
இராசமலர் அக்கா மிளகாய்க்குத் தண்ணி மாறிக்கொண்டே சொன்னா:
"நானும் மகளும்தான் மூடினது.
பதினாலாம் ஆண்டு, ஆவணி. ஒரே உப்பு.
பிறகு கன்று வேற விழுந்திட்டுது.
மூண்டு நாள் மண் போட்டம்.
ஏன் பிள்ளையள், அண்டைக்கே கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம்.
ஒரு கிணறு உப்பாலும் மூடும் என்பது
உப்பை அளக்கப் போனவர்களுக்குத் தோன்றவில்லை.

இரவு இரண்டு விடுதிகளில் இருந்து
ஒரே கோப்பைத் திறந்து
ஒருவர் வரியை ஒருவர் அழித்தோம்.
கஜானனி "கால்நடை" என்றாள், ரிஸ்மியா "கன்று" என்றாள்.
பதினொரு மணிக்குக் கன்று வென்றது.
மிஞ்சியது இவ்வளவு:
"கிணறு 17: இராசமலரும் மகளும்
2014 ஆவணியில் மண் போட்டு மூடினர்.
நீர் உவர். ஒரு கன்று விழுந்தது.
மூன்று நாள் எடுத்தது."
கடைசி வரி நிதுர்ஷனுடையது.
தேவையில்லை என்றேன். விடமாட்டேன் என்றான்.

திங்கள் காலை லகிரு வந்தான்,
அவன் குழுவின் அறிக்கையில்
நான் எழுதிக் கொடுத்த திருத்தங்களோடு.
எட்டுப் பக்கம்: நன்று, நன்று, மிக நன்று.
"நல்லது எண்டு எனக்கும் தெரியும்," என்றான் மெதுவாக.
"எங்க பிழை?"

கதிரையை இழுத்து இருந்தான்.
பச்சைப் பேனையை என் பக்கம் உருட்டினான்.
முதலாம் பக்கம், இரண்டாவது வரி:
"நெல் உலர்த்தப்பட்டது."