தாமதக் கட்டணம்

வாலாங்குளத்தில் அரை மணி நேரச் சீட்டு.
அன்னப்பறவை வடிவில் பிளாஸ்டிக் படகு,
கழுத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது.
மேம்பாலத்தின் நிழலைத் தாண்டும்வரை
நானும் லோகேஸ்வரியும் போட்டிபோட்டு மிதித்தோம்.

ஆகாயத்தாமரைத் திட்டின் ஓரம்
அழுகல் குப்பை என்றுதான் நினைத்தேன்.
"காலை எடு" என்றாள்.

முக்குளிப்பான் கூடு.
முட்டைகளைப் பாசியால் போர்த்திவிட்டு
எங்களுக்குப் பயந்து முங்கியிருந்தது தாய்.
எங்கே எழும் என்று தெரியவில்லை.
நாங்கள் கிளப்பிய அலை
கூட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

ஏறியது கூடு, சாய்ந்தது,
நின்றது.

கரையில் மயிலாத்தாள் விசிலடித்தார்:
"அஞ்சாம் நம்பர்! நேரமாச்சுங்கோ!"
பதில் சொல்லவில்லை, மிதிக்கவுமில்லை.
காற்று தன் இஷ்டத்துக்கு
தண்டவாளப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது,
போகட்டும் என்று இருந்தோம்.

பதினோரு நிமிடம் தாமதம். ஐம்பது ரூபாய்.
"வெயில்ல தூங்கிட்டீங்களாக்கும்."
காரணம் எழுத ரசீதில் இடமில்லை.
பின்பக்கத்தில் லோகேஸ்வரி
பாலத்தின் ஏழாவது தூண், திட்டு,
திட்டின் ஓரம் ஒரு சுழி,
சுற்றிப் பெரிய வட்டம் வரைந்து
கவுண்டருக்குள் நீட்டினாள்.

மயிலாத்தாள் அதைத்
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
பிறகு விசிலைக் கழற்றி
மேசையில் வைத்தார்.